கேள்வி பதில்: பழைய காரின் பின்விளக்கு லென்ஸ்

கேள்வி: அண்ணே, அப்பா ஓட்டிய பிரீமியர் பத்மினியை மறுபடி ரோட்டில் இறக்கப் போகிறேன். பின்விளக்கின் சிவப்பு லென்ஸ் முழுக்கக் கீறல், வருடக்கணக்காகத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவியதில் வந்தது. புனலூர் மச்சான் பெட்ரோலில் துடைத்தால் போதும் என்கிறார். தென்காசி பெயிண்டர் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டச் சொல்கிறார். எது சரி?
- வாசகர், புளியரை

பதில்: இரண்டுமே வேண்டாம், தம்பி. பெட்ரோல் கண்டிப்பாகக் கூடாது. அந்த லென்ஸ் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக். பெட்ரோல், தின்னர், ஸ்பிரிட் எது பட்டாலும் உள்ளுக்குள் வெடிப்பு விழும். என் முதல் லென்ஸை நான் தின்னரில்தான் துடைத்தேன். அன்றைக்குப் பளிச்சென்றுதான் இருந்தது, மறுநாள் காலையில் பார்த்தால் திருகு ஓட்டையைச் சுற்றி வெள்ளி நூல் மாதிரி வெடிப்புகள் ஓடியிருந்தன. அதை எந்த பாலிஷும் சரி செய்யாது.

புதுசு விஷயத்துக்கு வருகிறேன். பத்மினி உற்பத்தி நின்று இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்று கிடைக்கும் மாற்று லென்ஸ்களில் பல மெல்லிசு, சிவப்பும் வேறு சிவப்பு. உங்கள் பழைய லென்ஸில் நிறம் மேலே பூசினது இல்லை, முழுக்கச் சிவப்பாகவே வார்த்தது, அதனால் எவ்வளவு தேய்த்தாலும் நிறம் போகாது. அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

முதலில் கழற்றுங்கள். திருகு துருப்பிடித்திருந்தால் திருகின் தலையில் மட்டும் துரு இளக்கும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுக் காத்திருங்கள், லென்ஸில் வழிந்தால் உடனே துடைத்துவிடுங்கள். கழற்றியதும் உள்பக்கத்தை சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷும் வைத்துக் கழுவிப் பாருங்கள், மங்கலில் பெரும்பகுதி அங்கே சேர்ந்த புழுதியாகத்தான் இருக்கும். உள்ளே இருக்கும் வரிவரியான மேடுகள்தான் வெளிச்சத்தைப் பரப்புகின்றன, அவற்றில் எமரி படவே கூடாது.

வெளிப்பக்கத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டாத கீறல் என்றால் வாட்டர் பேப்பர், அதாவது தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் எமரி, நேராக 1500 நம்பரில் ஆரம்பித்தால் போதும் (நம்பர் ஏற ஏற நைசு), மாட்டினால் 800-இல் ஆரம்பித்து 1000, 1500, 2000 என்று போக வேண்டும். பேப்பரைக் கால் மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, பழைய ஹவாய் செருப்பில் வெட்டிய துண்டில் சுற்றிக்கொண்டு, தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு கலந்து லேசாகத் தேயுங்கள், வெறும் விரலால் அழுத்தினால் பள்ளம் விழும். ஒரு நம்பரில் குறுக்காகத் தேய்த்தால் அடுத்த நம்பரில் நெடுக்காகத் தேய்க்க வேண்டும், அப்போதுதான் பழைய கோடு போய்விட்டதா என்று கண்ணுக்குத் தெரியும். போகாமல் அடுத்த பேப்பருக்குத் தாவினால் கடைசியில் பாலிஷ் போட்ட பிறகு அந்த ஒற்றைக் கோடு மட்டும் மின்னிக்கொண்டு நிற்கும், அப்புறம் மறுபடி முதலிலிருந்து. நம்பர் மாற்றும்போதெல்லாம் வாளித் தண்ணீரையும் மாற்றுங்கள், முந்தைய பேப்பரின் ஒரு துகள் தங்கினாலும் கீறும்.

2000 முடிந்து துடைத்துக் காயவைத்தால் லென்ஸ் ரோஸ் மில்க் நிறத்துக்கு வெளுத்துப்போய் நிற்கும். நிறைய பேர் கெடுத்துவிட்டோம் என்று பயந்து நிறுத்துவது இங்கேதான். பயப்படாதீர்கள். பெயிண்டர்கள் வைத்திருக்கும் ரப்பிங் காம்பவுண்டைப் பழைய பனியன் துணியில் எடுத்து வட்டமாகத் தேய்க்கத் தேய்க்க, மூலையிலிருந்து சிவப்பு திரும்பி வரும், அதைப் பார்ப்பதே தனி சந்தோஷம். கையாலேயே செய்யுங்கள். டிரில் மெஷினில் பஃப் (பாலிஷ் போடும் துணிச் சக்கரம்) மாட்டினால் சூடேறும், அக்ரிலிக் 100 டிகிரி பக்கத்திலேயே இளகிவிடும்.

மாட்டும்போது ரப்பர் கேஸ்கட் புதுசு போடுங்கள், இல்லையென்றால் ஒரே மழையில் உள்ளே தண்ணீர் நிற்கும். திருகைக் கையால் இறுகும்வரை சுற்றி, கால் சுற்று மட்டும் கூட்டினால் போதும். பல்பு 21/5 வாட்டுக்கு (பிரேக்குக்கு 21, பின்விளக்குக்கு 5) மேல் வேண்டாம், சூட்டில் லென்ஸ் உருகும். ஜூன், ஜூலைச் சாரலில் புளியரை எஸ் வளைவில் பின்னால் லாரி ஏறி வரும்போது உங்கள் காரைக் காட்டுவது அந்தச் சிவப்பு வெளிச்சம்தான், அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதற்குச் செலவானாலும் பரவாயில்லை.

கேள்வி: என்னுடையது 2010 மாடல் கார். ஹெட்லைட் மஞ்சளாகிவிட்டது. இதே முறை சரிவருமா?
- வாசகர், கம்பம்

பதில்: பாதிவரை சரிவரும். உங்களுடையது பாலிகார்பனேட் என்ற வேறு பிளாஸ்டிக், மேலே மெல்லிய பாதுகாப்புப் பூச்சு உண்டு. வெயில் அந்தப் பூச்சைத்தான் முதலில் அரிக்கிறது. தேய்த்தால் தெளியும், ஆனால் பூச்சும் போய்விடும். புற ஊதாக் கதிரைத் தாங்கும் கிளியர் கோட் (நிறமில்லாத பூச்சு) அடிக்காமல் விட்டால் சில மாதத்தில் மறுபடி மஞ்சள்தான். கொசு விரட்டியைத் தடவினால் பளபளக்கும் என்று சொல்வார்கள், அது மேற்பரப்பைக் கரைக்கிறது, செய்யாதீர்கள்.

கேள்வி: அம்பாசடர் பின்விளக்கு லென்ஸில் விரிசல். பசை போட்டு ஒட்டலாமா?
- வாசகர், களியக்காவிளை

பதில்: உடனே ஒட்டும் பசை வேண்டாம், அதன் ஆவி பட்டுச் சுற்றிலும் வெள்ளையாகப் படியும். அக்ரிலிக் எழுத்து வைத்துப் பெயர்ப் பலகை செய்யும் கடையில் கொடுங்கள். அவர்கள் குளோரோஃபார்ம் வைத்து ஒட்டுவார்கள், உள்பக்கமாக ஊசியில் ஒரு துளி விட்டால் விரிசலுக்குள் தானாக ஓடி இரண்டு பக்கத்தையும் கரைத்துச் சேர்த்துவிடும். அந்த ஆவி மூச்சுக்கு ஆகாது, வீட்டுக்குள் வைத்து நீங்களே செய்யாதீர்கள். ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகு வெளிப்பக்கத்தில் மட்டும் எமரி போடுங்கள்.