கிற்றார் பிரிட்ஜ் ஆடுது அண்ணா, கட்டிப்போடலாமா?

கேள்வி: அண்ணா, என்னட்ட இருக்கிறது ஃபுளோய்ட் ரோஸ் ட்ரெமோலோ (ஒரு கம்பியால பிரிட்ஜை ஆட்டி சுருதியை ஏத்தி இறக்கிற அமைப்பு) போட்ட பழைய எலெக்ட்ரிக் கிற்றார். திருவிழா, கலியாண வீட்டுக் கச்சேரிக்கு ஒரு குழுவோட வாசிக்கிறனான், அந்த ஆட்டுற கம்பியைத் தொடுறதே இல்ல. ஆனா ஒரு ஸ்ட்ரிங் அறுந்தா மிச்ச அஞ்சும் சுருதி விட்டுப் போகுது, டிராப் டி (ஆறாவது ஸ்ட்ரிங்கை ஈ-யில இருந்து டி-க்கு இறக்கிறது) வைக்கவும் ஏலாம கிடக்கு. பிரிட்ஜை அசையாம நிப்பாட்டலாமா, உடம்பில ஓட்டை போடாம? (வாசகர், உப்புவெளி)

பதில்: தாராளமா செய்யலாம் தம்பி, ஒரு துண்டுப் பலகை காணும். ஆனா எந்தப் பக்கம் வைக்கிறதெண்டு விளங்காம வைச்சா ஒரு பிரயோசனமும் இல்ல, அதால முதல்ல பின் மூடியைக் கழட்டிப் பாருங்க. பிரிட்ஜுக்குக் கீழ ஒரு இரும்புக் கட்டை தொங்கும், அதில இருந்து ஸ்பிரிங்குகள் கழுத்துப் பக்கமா இழுபட்டு ஒரு தகட்டில கொழுவி இருக்கும். மேல ஸ்ட்ரிங் ஒரு பக்கம் இழுக்க கீழ ஸ்பிரிங் அதுக்கு எதிரா இழுக்குது, 9-42 (ஸ்ட்ரிங் தடிப்பு) செட் எண்டா ஆறு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து கிட்டத்தட்ட 38 கிலோ, 10-46 எண்டா 46 கிலோ. இந்த இழுபறி சமமா இருக்கிற வரைக்கும்தான் சுருதி. ஒண்டு அறுந்தா ஸ்பிரிங் வெண்டு கட்டையைக் கழுத்துப் பக்கம் இழுத்துப் போடும், மிச்ச ஸ்ட்ரிங் எல்லாம் ஷார்ப்பாகும், அதாவது சுருதி ஏறும். டிராப் டிக்கு ஆறாவதை இறக்கினாலும் இதே கதைதான்.

அப்ப பலகை போகவேண்டிய இடம் கட்டைக்கும் கழுத்துப் பக்கச் சுவருக்கும் நடுவில. முதல்ல ட்யூன் பண்ணி பிரிட்ஜ் உடம்போட சமாந்தரமா நிக்கிற மாதிரி எடுங்க, பிறகு இடைவெளியை அளந்து பழைய தளபாடத்தில மிஞ்சின முதிரை இல்லாட்டி தேக்குத் துண்டு ஒண்டை ஓடாவியிட்ட குடுத்து ஒரு நூல் பெரிசா வெட்டுவிச்சு, மரம் தேய்க்கிற கடதாசி போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு இறுக்கமா உக்காருற அளவுக்குக் கொண்டு வாங்க. அடிச்சு ஏத்த வேண்டாம், பிரிட்ஜ் சரிஞ்சிடும். பசையும் வேண்டாம், நாளைக்கு விக்கிறதெண்டா கழட்டி எடுக்கலாம். ஈரம் காயாத மரம் பிறகு சுருங்கிக் கழண்டு விழும், காஞ்சதா பாருங்க. அதுக்குப் பிறகு ஸ்பிரிங் தகட்டைப் பிடிச்சிருக்கிற ரெண்டு ஸ்க்ரூவையும் சமமா இன்னும் கொஞ்சம் முறுக்கிவிட்டா கட்டை பலகையோட ஒட்டிக்கொண்டு நிக்கும், ஸ்ட்ரிங்கை பெண்ட் பண்ணினாலும் (விரலால வளைச்சு இழுத்தாலும்) கையை பிரிட்ஜில வைச்சாலும் அசையாது.

ஆட்டுற கம்பி வேண்டவே வேண்டாமெண்டா மற்றப் பக்கத்துக்கும், அதாவது வால் பக்கச் சுவருக்கும் ஒரு துண்டு வைங்க, அதோட முழுப் பூட்டு. நான் எண்டா முதல் துண்டோட நிப்பாட்டுவன், சுருதியைக் கீழ இறக்கி ஆட்டுற வசதி சும்மா கிடைக்குது, ஏன் விடுவான்?

டிராப் டிக்கு இன்னொண்டு இருக்கு. நட் (கழுத்தின்ர மேல் முனையில ஸ்ட்ரிங்குகளைத் தாங்கிற துண்டு) பூட்டியிருந்தா மேல இருக்கிற ட்யூனர் வேலை செய்யாது, பிரிட்ஜில இருக்கிற ஃபைன் ட்யூனரைத் திருகி ஒரு முழுச் சுரம் இறக்க பெரும்பாலும் இடம் பத்தாது. நட் பூட்டுத் தகடுகளை அலன் கீயால கழட்டி ஒரு டப்பாவில போட்டு வைச்சிட்டு சாதாரண கிற்றார் மாதிரி மேலயே ட்யூன் பண்ணுங்க. இல்லாட்டி டி-ட்யூனா எண்டு ஒரு சாமான் விக்குது, ஆறாவது ஸ்ட்ரிங்குக்கு மாத்திரம், இழுத்தா டி, தள்ளினா ஈ. பலகை இல்லாம மிதக்கிற பிரிட்ஜில அது சரிவராது, பலகை வைச்ச பிறகு வேலை செய்யும்.

சத்தம் தடிப்பா வரும் எண்டு சில பேர் சொல்லுவினம், பெரிசா எதிர்பார்க்க வேண்டாம். மூடி திறந்த கையோட ஸ்பிரிங்கைத் துடைச்சு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்க, நம்மட கடற்காத்துக்கு எல்லாம் துருவேறும்.

கேள்வி: பலகை ஒண்டும் வேண்டாம், அஞ்சு ஸ்பிரிங் போட்டா காணாதா? (வாசகர், நிலாவெளி)

பதில்: காணாது. விறைப்பு கூடும், பெண்ட் பண்ணேக்க ஆட்டம் கொஞ்சம் குறையும், ஆனா அதுவும் அதே இழுபறிதான், ஸ்ட்ரிங் அறுந்தா சுருதி போகும். பலகையோட சேர்த்துப் போடுறதெண்டா நல்லது.