எந்த லூப் பதிவு நிலைக்கும்?

கேள்வி: ஓர் இசைத்துண்டைத் திரும்பத் திரும்பச் சுழலவிடும் லூப் முறையில் இன்று கணக்கற்ற பதிவுகள் வெளியாகின்றன. இவற்றுள் பின்வருவோரிடம் தாக்கம் செலுத்தப்போவது எது என்பதை எவ்வாறு கணிப்பது?
– வாசகர், கல்லடி, மட்டக்களப்பு

பதில்: வெளியான ஆண்டில் கிடைக்கும் கைதட்டலைக் கொண்டு கணிக்க முடியாது. 1969இல் தி வின்ஸ்டன்ஸ் குழு வெளியிட்ட ‘ஆமென், பிரதர்’, ஓர் இசைத்தட்டின் பின்பக்கத்துக்குப் போன உருப்படி. அதில் கிரகரி கோல்மன் தனித்து வாசித்த சில விநாடி டிரம்ஸ் துண்டை 1980களில் ஹிப்ஹொப் கலைஞர்களும், அடுத்த பத்தாண்டில் ஜங்கிள் என்னும் வேகமான நடன இசையைப் படைத்த பிரித்தானிய இசைஞர்களும் வெட்டியெடுத்து ஆயிரக்கணக்கான பதிவுகளில் சுழலவிட்டார்கள். (வாசித்தவருக்கு உரிமைத்தொகை கிடைக்கவில்லை என்பது வேறு கதை.)

பதிவின் ஓசையைவிட, அதன் செய்முறை பிறர் கைக்குப் போகிறதா என்பதையே நான் பார்ப்பேன். 1965இல் அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷ் ஒரு தெருப் பிரசங்கியின் குரலை இரண்டு ஒலிநாடாச் சுருள்களில் ஒரேநேரத்தில் ஓடவிட்டபோது, இயந்திரங்களின் நுண்ணிய வேக வேறுபாட்டால் ஒன்று மற்றதை மெல்ல முந்தியது. அந்த விலகலையே அவர் 1967இல் இரண்டு பியானோக்கள் நேரடியாக வாசிக்கும் இசையாக்கினார். நாடா இல்லாமலும் அந்த எண்ணம் பிழைத்தது. நமது வடமோடிக் கூத்திலும் அதைப் பயிற்றும் அண்ணாவியாரிடமிருந்து அடுத்த தலைமுறைக்குப் போவது தாளக்கட்டேயன்றி, ஓர் இரவின் ஆட்டமன்று.

கருவியின் புதுமையை மட்டும் நம்பிய பதிவுகள், அடுத்த கருவி வந்ததும் பழசாகிவிடுகின்றன. ஆகவே பத்தாண்டுகளாவது பொறுத்து, அந்த உத்தி வேறொரு வகை இசையில் தலைகாட்டுகிறதா என்று பாருங்கள்; அதே வகையினர் போலச்செய்வதை நான் கணக்கில் எடுப்பதில்லை.