ஒரு வழுவுக்கு இரண்டு பெயர்

வணக்கம் சார்,

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் வழுப்பதிவகத்தில் முதல்முறையாக ஒரு வழுவை, அதாவது மென்பொருள் பிழையை, பதிந்தேன். கோளாறு, பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் ஒரு நூலகப் பொதியில் இருந்தது, அதன் பெயரிலேயே அனுப்பினேன். இரண்டு நாளில் யாரோ அதை மூலப்பொதியின் பெயருக்கு மாற்றிவிட்டார்கள். நான் செய்தது தவறா? எந்தப் பெயரில் போட்டாலும் ஒரே ஆட்களிடம்தானே போகிறது?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

தவறே இல்லை. மூலநிரல் இருப்பது மூலப்பொதி; அதிலிருந்து நிறுவத் தயாராகக் கட்டியெடுப்பது இருமப்பொதி. உங்கள் கணினியில் இருப்பது இருமப்பொதி, அதன் பெயரைத்தான் எழுதியிருக்கிறீர்கள். டெபியனில் இரண்டு விதமாகவும் பதியலாம். உபுண்டுவின் வழுக்களைப் பதியும் தளமான லாஞ்ச்பேடில் இந்தக் கேள்வியே வராது. அங்கே பொதி என்றாலே மூலப்பொதிதான்.

ஒரே ஆட்களிடம் போகிறது என்பதும் சரி, ஆனால் இன்றைக்கு மட்டும். இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021இல் வந்த டெபியன் 11இல் அதன் நூலகப் பொதி லிப்எஸ்எஸ்எல்1.1. 2023இல் டெபியன் 12 வந்தபோது லிப்எஸ்எஸ்எல்3. 2025இல் டெபியன் 13இல் லிப்எஸ்எஸ்எல்3டி64. அந்த டி64 வந்த கதை தனி: 32 பிட் கணினிகளில் 2038ஆம் ஆண்டோடு நேரக் கணக்கு முட்டி நின்றுவிடும் என்பதால், நேரத்தை வைக்கும் எண்ணை 64 பிட்டாக்கினார்கள், அதற்காக 2024இல் ஏராளமான நூலகங்களின் பெயரில் அந்த வால் ஒட்டியது. நான்கு வருடத்தில் மூன்று பெயர். மூலப்பொதி மட்டும் அன்றும் இன்றும் ஓப்பன்எஸ்எஸ்எல். பழைய பெயர் களஞ்சியத்தை விட்டுப் போய்விட்டால், அந்தப் பெயரில் கிடக்கும் வழுவை யாராவது தேடியெடுத்து மாற்ற வேண்டும். உங்களுடையதை முன்கூட்டியே மாற்றியவர் நல்ல காரியம்தான் செய்திருக்கிறார்.

இயங்குதளத்தின் கருவான லினக்ஸ் கர்னலில் இந்தப் பெயர் மாற்றம் இன்னும் வேகம். இருமப்பொதியின் பெயருக்குள்ளேயே பதிப்பெண் உட்கார்ந்திருக்கிறது. அதனால் கர்னல் வழுக்களை மூலப்பொதியின் பெயரில் போடுவதுதான் வழக்கம். மூலநிரலிலிருந்து கட்டும்போதே உடைந்தாலும் அப்படித்தான். அங்கே இருமப்பொதி பிறக்கவே இல்லையே.

அப்புறம், எல்லாவற்றையும் மூலப்பொதியில் கொட்டிவிடவும் வேண்டாம். அலுவலக மென்பொருளான லிப்ரெஆஃபிஸின் ஒரே மூலப்பொதியிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட இருமப்பொதிகள் வருகின்றன. தமிழ் மெனுவில் ஒரு சொல் பிழையாக இருந்தால், தமிழாக்கத்துக்கென்றே இருக்கும் பொதியின் பெயரில் போடுங்கள். ஒரு கோப்பு விடுபட்டிருந்தாலும், கூடவே நிறுவ வேண்டிய பொதிகளைச் சொல்லும் சார்புப் பட்டியலில் ஒரு பொதி குறைந்தாலும் இருமப்பெயர்தான் சரி. பராமரிப்பாளருக்குப் பாதி வேலை மிச்சம்.

இப்போது ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வழுவின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். எண் மாறியிருக்காது. ஆனால் பொதியை மாற்றும்போது நீங்கள் கொடுத்த பதிப்பெண் அழிந்துவிடும்; மாற்றியவர் திரும்பக் கொடுத்திருந்தால்தான் இருக்கும். இல்லையென்றால் இந்தப் பதிப்பில் வழு இருக்கிறது என்று குறிக்கும் 'ஃபவுண்ட்' கட்டளையோடு வழு எண்ணையும் பதிப்பெண்ணையும், வழுப்பதிவகம் கட்டளைகளை வாங்கும் கட்டுப்பாட்டு முகவரிக்கு ஒரு மின்னஞ்சலில் அனுப்புங்கள். யார் வேண்டுமானாலும் அனுப்பலாம், உங்களுக்கும் அந்த உரிமை உண்டு.