மெட்டபாலிக் சிண்ட்ரோம் இருந்தால் மாரடைப்பு நிச்சயம் வருமா?

ரிப்போர்ட்டில் அந்தப் பெயரைப் பார்த்துப் பயந்துபோய்க் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மாதிரிக் கோளாறுகள் கூட்டாக இருப்பதற்கு வைத்த பெயர் அது; மாரடைப்பு நிச்சயம் என்றெல்லாம் இல்லை. ஆனால் அது இல்லை என்று வந்தால் இதயம் பத்திரம் என்றும் ஆகாது. எனக்கு ஆத்திரமே இந்த இரண்டாவதில்தான்.

என் சித்தப்பா ஒல்லியான ஆள். மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் ஐந்து கட்டம்: இடுப்புச் சுற்றளவு, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு, எச்டிஎல் என்ற நல்ல கொழுப்பு, பிரஷர், வெறும் வயிற்றுச் சர்க்கரை. குறைந்தது மூன்றில் கோளாறு என்று டிக் விழுந்தால்தான் சிண்ட்ரோம். அவருக்கு எச்டிஎல் குறைவு என்று ஒரே ஒரு டிக். 'இல்லை' என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். வயது அறுபதை நெருங்குகிறது, விடாத சிகரெட், எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு 180க்கு மேல், தாத்தா போனதும் நெஞ்சுவலியில்தான். இதில் ஒன்றுக்குக்கூட அந்தப் பக்கத்தில் கட்டம் கிடையாது. அடுத்த தீபாவளிக்குள் ஸ்டென்ட் வைத்தாயிற்று. இன்ஷூரன்ஸ்காரர்களோ அதே எச்டிஎல் டிக்கைக் காட்டி, முன்பே இருந்த கோளாறு என்று க்ளெய்மைத் தள்ளிவிட்டார்கள். ஒன்றும் இல்லை என்று சொல்லவும் அதே தாள், பணம் இல்லை என்று சொல்லவும் அதே தாள்!

'நீ என்ன டாக்டரா' என்று கமென்ட்டில் வருவார்கள். இல்லை. ஆனால் இது நான் கிளப்பிவிட்டதும் இல்லை. இந்தக் கோளாறுகள் கூட்டாக வருவதை 1988இல் 'சிண்ட்ரோம் எக்ஸ்' என்று சொன்ன அமெரிக்க டாக்டர் ஜெரால்ட் ரீவனே, நோயாளிக்கு இந்த முத்திரையைக் குத்தி என்ன பயன் என்று பின்னாளில் கேட்டார். 2005இல் அமெரிக்க, ஐரோப்பிய நீரிழிவுச் சங்கங்கள் சேர்ந்து அறிக்கையே விட்டன: ஐந்தையும் தனித்தனியாகப் பார்த்தால் தெரிவதைவிட, சேர்த்துப் பெயர் வைப்பதால் இதய ஆபத்து கூடுதலாகத் தெரியும் என்பதற்கு ஆதாரம் போதாது என்று. சர்க்கரை நோய் வருமா என்பதற்குத்தான் அது நல்ல எச்சரிக்கை. அந்த வகையில் பயன் உண்டு, மறுக்கவில்லை.

இடுப்பளவையாவது ஒழுங்காக எடுக்கிறார்களா? நம்மவர்களுக்கு வரம்பு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், சட்டையைத் தூக்கி, மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். சித்தப்பாவுக்கு பெல்ட்டின் மேலேயே டேப்பைச் சுற்றினார்கள்.

நீங்கள் ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் போய், அடுத்த பத்து வருஷத்துக்கு மொத்த ரிஸ்க் எவ்வளவு என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். வயது, எல்டிஎல், பிரஷர், சர்க்கரை, அப்பா அம்மாவுக்கு எந்த வயதில் வந்தது எல்லாம் வேண்டும். சிகரெட் இருந்தால், அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.