பல்கலைக்கழக ஆராய்ச்சியால் அரசுக்கும் ஊர் மக்களுக்கும் என்ன பயன்?

குடிநீர், நோய், பயிர், வேலைவாய்ப்பு என்று அரசு அவசரமாகக் கருதும் ஒரு பிரச்சினையைப் பல்கலைக்கழகம் எடுத்து ஆராய்ந்து, கண்டறிந்ததை எல்லோரும் பயன்படுத்தும்படி தருவதைத்தான் பொதுத் தேவைக்கான ஆராய்ச்சி என்கிறோம்.

அரசே இதைச் செய்யக்கூடாதா? செய்யலாம், சில துறைகள் செய்கின்றன. ஆனால் அன்றாட வேலைக்கு நடுவே ஒரே கேள்வியோடு பல வருடம் உட்கார அவர்களுக்கு நேரம் கிடைப்பது கடினம். அளவெடுக்காமல் துணியை வெட்டினால் சட்டை பொருந்தாது. திட்டமும் அப்படித்தான், அளவெடுக்கும் வேலையை ஆராய்ச்சி செய்கிறது.

அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரத்தையே பாருங்கள். 2014இல் செலவைக் குறைக்க ஆற்றுத் தண்ணீருக்கு மாறினார்கள். தண்ணீர் சரியில்லை என்று மக்கள் முறையிட்டும், பயமில்லை என்றே அதிகாரிகள் சொன்னார்கள். 2015இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகக் குழு குப்பிகளை அனுப்ப, மக்களே வீட்டுக் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் கொடுத்தார்கள். அதில் ஈயம் என்ற நச்சு உலோகம் இருந்தது! அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருளைச் சேர்க்காததால் பழைய குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வந்திருக்கிறது. அதே வருடம் அக்டோபரில் நகரம் பழைய நீராதாரத்துக்கே திரும்பியது. குப்பியில் தண்ணீர் பிடித்த அந்த மக்களும் என் பார்வையில் ஆராய்ச்சியாளர்கள்தான்.

அப்புறம், அரசுப் பணம் வாங்கினால் அரசுக்குப் பிடித்த முடிவுதான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். ஃபிளின்ட் ஆய்வுக்கு அரசு அமைப்பான தேசிய அறிவியல் அறக்கட்டளையும் நிதி தந்தது, முடிவோ அதிகாரிகள் சொன்னதற்கு நேர் எதிராக வந்தது.