முருகைக்கல்லைப் படமெடுக்கும் சுழியோடிகளுக்கு: கேள்வி பதில்

இலங்கையின் கிழக்குக் கரையில் பாசிக்குடா, காயங்கேணி, வாகரைப் பக்கம் சுழியோடுகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. புத்தகத்தில் பவளப்பாறை என்று எழுதுவதை இங்கே நம் வழக்கப்படி முருகைக்கல் என்றே சொல்கிறேன்.

கல்குடா: அண்ணன், எந்தக் கமரா வாங்கலாம்?

பதில்: கையில் இருப்பது போதும். கோப்ரோ 5 முதல் வந்தவற்றில் பெரும்பாலானவை உறை இல்லாமலே 10 மீற்றர் தாங்கும் என்கிறார்கள். அது புதுக் கமராவுக்கான கணக்கு. ரப்பர் காய்ந்துபோன கதவுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. காசு மிச்சம் இருந்தால் உறை வாங்குங்கள். இதை ஒருமுறைதான் சொல்வேன்.

வாழைச்சேனை: நாங்க எடுக்கிற படங்களை முகநூலில போடுறம். அது கல்லைக் காப்பாத்த உதவாதா?

பதில்: அழகான படத்தைப் பார்த்து ஆட்கள் ஆசைப்படுவார்கள். கல் கூடுதா குறையுதா என்று அது சொல்லாது. அதைச் சொல்ல ஒரே இடத்தை, ஒரே உயரத்திலிருந்து, ஒரே அளவில் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும்.

அரை அங்குல பிவிசி குழாயில் உள்ளளவு 50 சென்ரிமீற்றர் வரும் சதுரச் சட்டம் செய்யுங்கள். நாலு மூலையிலும் கால் வைத்து, மேலே கமராவுக்கு ஒரு குறுக்குக் கம்பு கட்டுங்கள். சட்டத்தின் நாலு விளிம்பும் படத்துக்குள் வர வேண்டும். தட்டைக் கண்ணாடி உறை என்றால் நீருக்குள் எல்லாம் கிட்டத் தெரியும், ஆகவே கரையில் பார்த்த உயரத்தைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கால் வேண்டிவரும். தொட்டித் தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்த பிறகு வெட்டுங்கள். குழாயில் கீழும் மேலும் துளை போட மறந்தால் உள்ளே காற்று நின்று சட்டம் மிதக்கும். எல்லாரும் ஒருமுறை மறக்கிறார்கள்.

50 மீற்றர் நாடாவை ஆழம் மாறாமல் விரித்து, ஒவ்வொரு மீற்றருக்கும் நாடாவின் ஒரே பக்கத்தில் ஒரு படம். ஐம்பது படம், பன்னிரண்டரைச் சதுர மீற்றர். கிளைவிட்ட கல் இருக்கும் இடத்தில் சட்டத்தை இறக்காமல் மேலே பிடித்தபடி எடுங்கள். நாடாவின் இரு முனைக்கும் அடையாளம் வையுங்கள். அடுத்த வருசம் வேறு இடத்தில் விரித்தால் இத்தனை வேலையும் வீண்.

படங்களைக் கோரல்நெற் தளத்தில் ஏற்றினால் அது எழுந்தமானமாகப் புள்ளி போடும். ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே இருப்பது உயிர்க்கல்லா, செத்த கல்லா, பாசியா, மணலா என்று முதலில் நீங்கள் குறிக்க வேண்டும். போதுமான அளவு குறித்ததும் மென்பொருள் பழகிக்கொண்டு மிச்சத்துக்குத் தானே பெயர் சொல்லும். அது சொன்னதையும் இடையிடையே சரிபாருங்கள். பாசி மூடிய செத்த கல்லை உயிர்க்கல் என்று அது சொல்வதுண்டு.

காத்தான்குடி: காக்கா, படத்தில ஜிபிஎஸ் இடம் விழுமா?

பதில்: விழாது. அந்த அலை கடல் நீருக்குள் இறங்காது. ஜிபிஎஸ் கருவியையோ போனையோ நீர்புகாப் பைக்குள் போட்டு மிதவையில் கட்டி இழுங்கள், 5 செக்கனுக்கு ஒருமுறை பாதை பதிய விடுங்கள். இறங்குமுன் அதன் நேரம் காட்டும் திரையை உங்கள் கமராவால் ஒரு படம் எடுங்கள். கமரா நேரம் எத்தனை செக்கன் பிந்தியது என்று மறுகா கணக்குப் பார்க்க அந்த ஒரு படம் போதும். கயிறு தொய்ந்து கிடந்தால் இடமும் அத்தனை மீற்றர் தள்ளிப்போகும்.

மட்டக்களப்பு நகரம்: ஹேர்மிஸ் கப்பலில வளர்ந்த கல்லை எடுத்து அனுப்பலாமா?

பதில்: 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் தாழ்த்திய கப்பல், ஐம்பது மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோட்டத்தின் எல்லை 40 மீற்றர். அதற்குரிய பயிற்சி இல்லாதவருக்கு என் பதில்: வேண்டாம்.

பாசிக்குடா: வெள்ளையாத் தெரியிறதெல்லாம் வெளிறலா? மே மாசம் நிறைய வெள்ளை பார்த்தம்.

பதில்: இல்லை. வெளிறல் என்பது கடல் சூடாகி உயிர்க்கல் நிறம் இழப்பது. வெளிறிய கல்லில் சதை இருக்கும், கிட்டப் போனால் கண்ணாடிபோலப் பொலிப்புகள் (கல்லைக் கட்டும் சிற்றுயிர்கள்) தெரியும். முட்கிரீட நட்சத்திரம் (முருகைக்கல்லைத் தின்னும் முள் நிறைந்த நட்சத்திரமீன்) தின்ற இடத்தில் சதையே இராது. சுத்தமான வெள்ளை எலும்பும், உயிருள்ள பகுதியோடு வெட்டினாற்போல ஒரு விளிம்பும் இருக்கும். சில நாளில் அந்த வெள்ளையில் பச்சைப் பாசி ஏறும். கிளைக்கல்லின் நுனி வெளுப்பாக இருப்பது வளர்ச்சி, நோயில்லை. ஆகவே ஒவ்வொரு கல்லுக்கும் மூன்று படம்: தூரத்திலிருந்து முழுக் கல், அரைமீற்றரிலிருந்து வெள்ளையின் விளிம்பு, ஒட்டி நின்று பொலிப்பு. ஒட்டி நிற்கும்போது துடுப்பு எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். கமரா கைக்கு வந்ததும் கால் மறந்துபோகும். ஒரு கல்லைப் படமெடுக்க இரண்டை உடைக்கிறவர் கீழே இறங்காமல் இருப்பதே உதவி.

நிறத்தை எழுத கோரல்வொட்ச் அட்டை இருக்கிறது. குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தார் செய்தது, வெளிரிலிருந்து இருண்டது வரை நிறங்களுக்கு 1 முதல் 6 வரை எண் இருக்கும். கல்லின் மிக வெளிர் இடத்துக்கும் மிக இருண்ட இடத்துக்கும் எண் எழுதுங்கள். எண் இரண்டு படி மாறினால்தான் கணக்கில் எடுக்கலாம். ஒரு தடவைக்குக் குறைந்தது இருபது கல்.

கல்முனை: நான் ஸ்டூடியோக்காரன். ரோ கோப்பா எடுத்தா எந்த நிறத்தையும் திரும்ப எடுக்கலாம். அட்டை எதுக்கு?

பதில்: ரோ கோப்பு என்பது கமரா பதிந்ததைத் திருத்தாமல் வைக்கும் கோப்பு, அதில் கமரா கண்டது மட்டும்தான் இருக்கும். சிவப்பை நீர் முதலில் குடித்துவிடும், 10 மீற்றரில் மிஞ்சுவது சொற்பம். இல்லாத சிவப்பை ஏற்றினால் வருவது புள்ளிப் புள்ளியான இரைச்சல்.

கல்முனை: மணலை வெள்ளையா வைச்சு மிச்ச நிறத்தையும் அதுக்கேற்பத் திருத்தினா (வைற் பலன்ஸ்)?

பதில்: மணல் வெள்ளையில்லை, மஞ்சள் கலந்தது. அதோடு ஒரு மீற்றரில் நிற்கும் கல்லுக்கும் மூன்று மீற்றரில் நிற்கும் கல்லுக்கும் நடுவே உள்ள நீர் வேறு வேறு. கலியாணப் படத்தில் ஒரு திருத்தம் முழு மண்டபத்துக்கும் செல்லும். இங்கே அது கிட்ட நிற்கும் கல்லைச் சிவப்பாக்கித் தூரத்துக் கல்லை நீலமாகவே விடும்.

சம்மாந்துறை: கல்முனைத் தம்பி முழுக்கப் பிழையில்லை. ஃபிளாஷ் அடிச்சா நிறம் அப்படியே வருமே?

பதில்: ஒரு மீற்றருக்குள் வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரே பலம், ஒரே தூரம். கொஞ்சம் கூடினாலும் நல்ல கபிலக் கல் வெள்ளையாக எரிந்து வரும், மறுகா அதை வெளிறல் என்று போடுவீர்கள். ஃபிளாஷ் அடிக்கும்போது சிவப்பு வடிகட்டியைக் கழற்றுங்கள்.

கல்முனை: அப்ப எடிட் பண்ணின படம் பொய்யா?

பதில்: பொய்யில்லை, சான்றில்லை. எடிட் பண்ணியதைக் காட்டுங்கள், தொடாத மூலக் கோப்பை இரண்டு இடத்தில் வையுங்கள்.

ஏறாவூர்: முப்பரிமாண மாதிரி செய்ய ஆசை.

பதில்: வயலில் உழவு போகிறமாதிரி நேர்நேராகப் போய்த் திரும்பி வாருங்கள், பிறகு குறுக்காகவும் போங்கள். அடுத்தடுத்த படம் 70 முதல் 80 வீதம் ஒன்றோடொன்று மேவ வேண்டும். செக்கனுக்கு ஒரு படம், மெல்லிய நீச்சல். கமராவின் அசைவுச் சீராக்கியை நிறுத்துங்கள், அது ஒவ்வொரு படத்தையும் ஒவ்வொரு விதமாக வெட்டும். அளவு குறித்த கோல் இரண்டு மூன்றை மணலில் கிடத்துங்கள், கோல் இல்லாத மாதிரியில் கல் எத்தனை சென்ரிமீற்றர் என்று தெரியாது. படங்களைச் சேர்த்து மாதிரி செய்யும் மெஷ்ரூம் மென்பொருள் இலவசம், ஆனால் நல்ல கிராபிக்ஸ் அட்டை கேட்கும்.

ஓட்டமாவடி: எந்தக் கமரா நல்லது?

பதில்: முதல் பதில்.

வாகரை: உறைக்குள்ள புகார் பிடிச்சுக் கண்ணாடி மங்குது.

பதில்: வெக்கையில், ஈரக் காற்றோடு மூடியிருக்கிறீர்கள். ஏசி அறையில் மூடி, சிலிக்கா ஜெல் ஒன்று போடுங்கள். உறையை அடைக்கும் ரப்பர் வளையத்தில் (ஓ-ரிங்) ஒரு தலைமயிர் கிடந்தாலே நீர் வரும். அதில் கிறீஸ் மினுங்கினால் போதும், தடிப்பாகப் பூச வேண்டாம். ஏறியதும் நல்ல தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறட்டும்.

காயங்கேணி: முட்கிரீட நட்சத்திரத்தைக் கண்டா வெட்டிப்போடலாமா?

பதில்: வெட்டாதீர்கள், தொடாதீர்கள். 2019இல் சரணாலயமாக அறிவித்த கடல் அது. எண்ணி, அளவுகோலோடு படமெடுத்து, நேரத்தையும் இடத்தையும் வனசீவராசிகள் திணைக்களத்துக்குக் கொடுங்கள்.

பொத்துவில்: ஸ்நோர்கல் மட்டும்தான் தெரியும்.

பதில்: இரண்டு மீற்றர் ஆழத்தில் நிறம் நன்றாகவே தெரியும், அட்டை வேலைக்கு அது தோதான இடம். மிதந்தபடியே செய்யுங்கள், கல்லில் எழுந்து நிற்கக்கூடாது.

களுவாஞ்சிக்குடி: ஹேர்மிஸ்...

பதில்: மேலே.

கல்முனை: சரி, அட்டையை எங்க பிடிக்கிறது?

பதில்: கல்லின் பக்கத்தில், அதே ஆழத்தில், அதே வெளிச்சத்தில். உங்கள் நிழல் இரண்டில் ஒன்றில் மட்டும் விழுந்தால் எண் பிழைக்கும். அட்டையைக் கல்லில் சாய்க்காதீர்கள்.