வாத்தியார் பதில்கள்: காலண்டர் தாளின் பின்பக்கம்

கேள்வி: விடியற்காலை வாசல் தெளிக்கும்போதுதான் எனக்கு நல்ல யோசனைகள் வருகின்றன. ஆண்டவர் தருகிறார் என்றே நம்புகிறேன். ஆனால் இட்லிப் பானையை இறக்குவதற்குள் பாதி மறந்துவிடுகிறது. போன மாதம் வந்த ஒன்று மட்டும் மறக்கவில்லை. பிள்ளைகள் திருப்பூருக்குப் பிழைக்கப் போய்விட்டதால் எங்கள் தெருவில் தனியாக இருக்கிற பாட்டிகள் ஏழெட்டுப் பேர். வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துக்கிடக்கிறார்கள். சபை வளாகத்தில் காலையில் கஞ்சி கொடுக்கலாமே என்று கமிட்டியில் சொன்னேன். "ஆண்டவர் உங்ககிட்ட மட்டும்தான் பேசுவாரா?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். இது ஏவுதலா, என் மனசின் ஆசையா? எப்படித் தெரிந்துகொள்வது?
(வாசகி, திருமருகல் பக்கம்)

பதில்: சகோதரி, அந்த மனிதர் மேல் கோபப்படாதீர்கள். "ஆண்டவர் எனக்கு உணர்த்தினார்" என்று நீங்கள் ஆரம்பித்திருந்தால் அவர் என்னதான் சொல்ல முடியும்? சரி என்றால் சபைப் பணத்தை எடுக்க வேண்டும். வேண்டாம் என்றால் ஆண்டவரையே மறுத்தவர் ஆகிவிடுவார். "எனக்கு இப்படித் தோணுது, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டால் அவருக்கும் வாய் திறக்க இடம் கிடைக்கும்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த காலத்தில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று, பெண்களுக்குத் தையல் வகுப்பு வைக்க ஆண்டவர் எனக்குப் பாரம் கொடுத்திருக்கிறார் என்று அறிவித்தேன். ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. வாத்தியார் சொன்னால் யார் பேசுவார்கள்? ஐந்து தையல் மெஷின் வாங்கினோம். வகுப்பை ஆரம்பித்தது புரட்டாசியில். அந்த நேரத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் சம்பா நடவில், முழங்கால் சேற்றில். வகுப்புக்கு வந்தது மூன்று பேர், அதில் ஒருத்தி என் மனைவி. ஐப்பசி மழையில் ஓலைக் கொட்டகை ஒழுகி மெஷின் சக்கரமெல்லாம் துரு ஏறிப்போனது. ஒருத்தியிடமாவது முன்னாலேயே கேட்டிருந்தால், "நடவு முடியட்டும் சார்" என்று மூன்று வார்த்தையில் சொல்லியிருப்பாள். தையல் சொல்லிக்கொடுப்பது நல்ல யோசனைதான், இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கேட்காமல் செய்ததுதான் என் தப்பு.

ஏவுதலா ஆசையா என்கிற கேள்விக்கு வருகிறேன். ஆண்டவர் பேர் சொல்லிக் கூப்பிட்டபோது சிறுவன் சாமுவேலுக்கே முதல் மூன்று தடவை பிடிபடவில்லை. ஆசாரியர் ஏலிதான் கூப்பிடுகிறார் என்று எழுந்து எழுந்து ஓடினான். கண் மங்கிய அந்தக் கிழவருக்குத்தான் விஷயம் புரிந்தது. உங்கள் ஊரிலும் அப்படி ஒரு பெரியவர் இருப்பார், அவரிடம் மட்டும் சொல்லுங்கள். இருபது பேரிடம் சொல்லிவிட்டால், செய்து முடித்த திருப்தி பாதி அந்தப் பேச்சிலேயே வந்துவிடும். எருசலேமின் இடிந்த மதிலை ராத்திரியில் சுற்றிப் பார்க்கப் போன நெகேமியா, தேவன் தன் மனதில் வைத்ததை முதலில் யாரிடமும் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள்.

பெரியவர் சரி என்று சொல்லிவிட்டால் மட்டும் முடிவாகிவிட்டது என்றும் இல்லை. ஆலயம் கட்ட ஆசைப்பட்ட தாவீதிடம், உம் மனதில் உள்ளதைச் செய்யும் என்று சொல்லிவிட்டுப் போன நாத்தான் தீர்க்கதரிசி, அன்று ராத்திரியே வேறு வார்த்தை கேட்டு, திரும்பி வந்து பேச்சை மாற்ற வேண்டியதாயிற்று. தாவீது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. மகன் கட்டுவதற்காகக் கல்லும் இரும்பும் கேதுரு மரமும் சேர்த்து வைத்தார். யோசனை அவருடையது, கட்டினது சாலொமோன். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தாவீது மேல் கோலியாத்தை வீழ்த்தினபோது இருந்ததைவிட மரியாதை கூடுகிறது.

அப்புறம் மறதி. மேட்டூரை ஜூன் 12ஆம் தேதி திறப்பது வழக்கம். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள், 2024இல் ஜூலை 28 வரை காக்க வைத்தார்கள். என்றைக்குத் திறந்தாலும், தூர் வாரின வாய்க்காலில்தான் கடைமடை வரை தண்ணீர் எட்டும். யோசனையும் நாள் சொல்லிவிட்டு வருவதில்லை, நம் பக்கம் வாய்க்கால் தயாராக இருக்க வேண்டும். நான் முதலில் துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் போட்டு வைத்தேன். சட்டை துவைக்கப் போனது, யோசனை கூழாக வந்தது. இப்போது தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். தேதி ஏற்கெனவே அச்சடித்திருக்கும், அது ஒரு சௌகரியம். மளிகைக் கடையில் பில் குத்துகிற கம்பி ஒன்று வாங்கி, அதில் குத்தி வைத்துவிடுவேன். சனிக்கிழமை சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து புரட்டுவேன். முக்கால்வாசி அசட்டுத்தனமாக இருக்கும், கிழித்துப் போடுவேன். மூன்று வாரம் கழித்தும் உறுத்துவது எதுவோ, அதில் கை வைப்பேன். ஒருவரைப் போய்ப் பார் என்று தோன்றினால் மட்டும் எழுதுவதில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அப்படிப்பட்டதைச் சனிக்கிழமை வரை தள்ளிப்போட்டு, துக்கம் விசாரிக்கப் போக வேண்டி வந்த வீடு ஒன்று உண்டு.

உங்கள் கஞ்சி ஒரு மாதமாக உறுத்துகிறது என்றால், கமிட்டியிடம் ஒரு டம்ளர்கூடக் கேட்காமல் ஆரம்பியுங்கள். இரண்டே இரண்டு பாட்டிகள், இரண்டு வாரம், உங்கள் வீட்டுப் பானையிலிருந்து ஒரு தூக்குச் சட்டி. அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர்களோடு நீங்களும் குடியுங்கள். ஒருவேளை கஞ்சி இரண்டாம் பட்சமாகி, எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று அட்டையில் பேனாவால் ஒரு கோடு, இரண்டு கோடு போட்டுக் கொடுக்க ஆள் இல்லாததுதான் பிரச்சினை என்று தெரியவரலாம். டாக்டர் சீட்டைப் பார்த்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். இரண்டு வாரம் கழித்துக் கமிட்டிக்குப் போங்கள். கேள்வி கேட்ட அதே மனிதரிடம் முதலில் சொல்லுங்கள்.

கேள்வி: வேதாகமக் கதைகளைப் படத்தோடு சின்னப் புத்தகமாக அச்சடித்து எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஆறு வருஷமாக ஆசை. இரண்டு நோட்டு நிறையக் குறிப்பு இருக்கிறது. கையில் பணம் சேரட்டும் என்று காத்திருக்கிறேன்.
(வாசகர், பட்டுக்கோட்டை)

பதில்: ஒரு நாள் தரங்கம்பாடிக்குப் பஸ் ஏறுங்கள். 1706இல் அங்கே வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துப் படித்தவர். தமிழில் அச்சிட ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து எழுத்து வார்த்து அனுப்பினார்கள். பிரித்துப் பார்த்தால் எழுத்து ஒவ்வொன்றும் பெரிசு, காகிதத்தைத் தின்று தீர்த்தது. புது எழுத்து வரட்டும் என்று கப்பலுக்குக் காத்திருந்தால் எத்தனை மாதமோ. இங்கிலாந்திலிருந்து வந்த சீஸ் பெட்டிகளின் ஈயத்தை உருக்கி, சின்ன எழுத்தாக இங்கேயே வார்த்துக்கொண்டார்கள். 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. தின்று தீர்த்த சீஸின் பெட்டியில்!

உங்கள் ஊரில் ஜெராக்ஸ் கடை இருக்கிறது அல்லவா? ஒரு கதை, ஒரு தாள், நாலாக மடித்தால் எட்டுப் பக்கம். இருபது பிரதி போடுங்கள். எனக்கும் ஒன்று அனுப்பிவையுங்கள், எழுத்துப் பிழை பார்த்துத் தருகிறேன்.

கேள்வி: ஜெபிக்கும்போது யோசனை வந்தால் கைபேசியில் குறிக்கலாமா?
(கல்லூரி மாணவர், கும்பகோணம்)

பதில்: கைபேசியை எடுத்தால் வாட்ஸ்அப்பில் பதினேழு செய்தி காத்திருக்கும், ஜெபமும் போய்விடும், யோசனையும் போய்விடும். பக்கத்தில் ஒரு பென்சில் வையுங்கள். ஒரே ஒரு வார்த்தை கிறுக்கிவிட்டு மறுபடி கண்ணை மூடுங்கள். காலண்டர் தாள் இல்லாவிட்டால் பஸ் டிக்கெட்டும் போதும்.